ஒரு பந்து, முப்பது பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாங்குநேரி பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே தனியாக பி.டி. சார் கிடையாது. பாடம் நடத்துகிறவர்தான் விளையாட்டு பீரியடையும் பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். 30 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு பந்தைக் கொடுத்து, ஒவ்வொருத்தராக எறிந்து பிடிக்கச் சொல்வேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

ஒருநாள், வரிசையின் கடைசியில் நின்ற நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை மட்டும் கடிகாரமும் கையுமாகக் கவனித்தேன். 40 நிமிடத்தில் பந்து அவள் கைக்கு வந்தது ஒரே தடவை. மீதி நேரமெல்லாம் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். எனக்கு மனசே கேட்கவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேனில் வந்து வேனில் போய், வீட்டில் செல்போனை எடுக்கிற பிள்ளைக்கு அந்த ஓட்டம் வேறெங்கே கிடைக்கும்?

அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓடிப் பிடிக்கிற ஆட்டங்களில் பிடிபட்டால் அவுட், போய் உட்கார் என்கிறோம். முதலில் உட்காருவது யார்? மெதுவாக ஓடுகிற பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் வேண்டுமோ, அந்தப் பிள்ளைதான் அதிக நேரம் வேடிக்கை பார்க்கிறது.

சரி, பந்துக்கு எங்கே போவது? பழைய துணியைச் சுருட்டிக் கட்டினோம். பனை ஓலையில் பந்து முடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. ஐந்து பேருக்கு ஒரு பந்து ஆயிற்று. கோட்டில் காவல் நிற்பவர் கையில் படாமல் கட்டம் கட்டமாகத் தாண்டி ஓடுகிற ஆட்டம் கிளித்தட்டு. அதில் ஒரு விதியை மட்டும் மாற்றினோம். தொடப்பட்டவர் வெளியே உட்கார வேண்டாம். வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு ஓடிவந்து முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆடலாம். அந்த வேப்பமரம் பிள்ளைகளின் யோசனை. பங்குனி வெயிலில் மட்டும் ஆட்டத்தைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றிக்கொண்டோம். தயவுசெய்து அந்த பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்பேன்: 'எப்படித் தப்பினே?' முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். 'வேகமா ஓடினேன் சார்' என்பார்கள். ஒருநாள் அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை வாயைத் திறந்தாள்.

"சார், அக்கா மூஞ்சி இந்தப் பக்கம் பாத்துச்சு. ஆனா காலு அந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு. நான் காலைத்தான் பாத்தேன்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து தடவை வேப்பமரத்துக்கு ஓடி ஓடி அவளே கண்டுபிடித்தது. உட்காரவைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பாளா?

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் காலையே பார்த்து ஓடினார்கள். கோட்டில் காவல் நின்ற அக்காவும் விடவில்லை. காலை ஒரு பக்கம் வைத்துக் காட்டி, மறு பக்கம் பாய ஆரம்பித்தாள்.