முதல் மனுவில் எழுதுவதுதான் கடைசி வரை பேசும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு நம் வேலூர்ப் பக்கத்தில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போ." மற்றொன்று, "ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து உள்ளே தள்ளு." அவருக்கு வேண்டியது பல நேரம் இந்த இரண்டும் இல்லை. அடி நிற்க வேண்டும், இருக்கிற வீடு பறிபோகக் கூடாது, சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் பணம் வர வேண்டும். இவற்றைக் கேட்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது.

இதில் விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவும் வேண்டியதில்லை. 12-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு கொடுத்தால் போதும். மனைவி மட்டுமல்ல, மகன் விரட்டும் தாய், அண்ணன் அடிக்கும் தங்கை, கணவர் இறந்தபின் புகுந்த வீட்டில் துன்பப்படும் மருமகள், திருமணம் செய்யாமல் கணவன் மனைவிபோல் சேர்ந்து வாழ்ந்த பெண் என எல்லோருமே கேட்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு மாமியார், நாத்தனார் போன்ற பெண்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியும்.

கை நீட்டினால்தான் வன்முறை என்று நினைக்காதீர்கள். பீடி சுற்றிய கூலியை வாரா வாரம் பிடுங்கிக்கொள்வதும், ஷூ கம்பெனிச் சம்பளம் வரும் ஏ.டி.எம். கார்டைக் கணவரே வைத்துக்கொண்டு பஸ் காசுக்குக்கூடக் கெஞ்சவிடுவதும், கேட்காமல் நகையை அடமானம் வைப்பதும் பொருளாதார வன்முறை என்று சட்டமே சொல்கிறது.

மனு எழுதுவதைப் பற்றித்தான் நான் கூடுதலாகப் பேச விரும்புகிறேன். நல்ல வழக்குகள் பலவும் அங்கேதான் பலவீனப்படுகின்றன. "என் கணவர் தினமும் குடித்துவிட்டு என்னைச் சித்திரவதை செய்கிறார்" என்று எழுதுகிறோம். உண்மைதான். ஆனால் குறுக்கு விசாரணையில் "எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் பார்த்தார்கள்?" என்று கேட்டால் அந்த வரியில் பதில் இல்லை. குறைந்தது மூன்று சம்பவங்களையாவது தனித்தனியாக எழுதுங்கள். எப்போது, எங்கே, எதை வைத்து அடித்தார், என்ன சொன்னார், எங்கே காயம், சத்தம் கேட்டு யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் ஊரில் நடந்ததை வைத்துப் பிடிக்கலாம். குடியாத்தத்துக்காரர்களுக்குக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் என்று தெரியும். "சிரசுக்கு மறுநாள் ராத்திரி" என்று நினைவிருந்தால் தேதி கிடைத்துவிட்டது. முதல் சம்பவம், மிக மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம், இந்த மூன்றும் மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அதேபோல ஆஸ்பத்திரியில் சொல்லும் வார்த்தை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் தாலுகா ஆஸ்பத்திரியானாலும், காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். கூட்டிவந்த கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் அதுவே எழுத்தாகிவிடும். பிறகு வழக்கில் எதிர்த் தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டும் முதல் தாள் அதுதான். டாக்டரிடமோ நர்ஸிடமோ "தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். யார், எதை வைத்து, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் அடித்தார் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே விழுந்ததாகச் சொல்லியிருந்தால், யார் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னீர்கள் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு போனை விற்றுவிட வேண்டாம். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றத்தில் தனிச் சான்றிதழ் தர வேண்டும், அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம். நகைக்கு கடை பில், அடகுச் சீட்டு, கல்யாண போட்டோ மூன்றில் கிடைப்பதைச் சேருங்கள்.

சரி, மனுவை எங்கே கொடுப்பது? மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையில் இருக்கிறார். குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை 1-ஆம் படிவத்தில் எழுதி நடுவருக்கு அனுப்புவது அவர் வேலை. நமக்கு வேலூர் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுக்கவும் செய்யலாம். அதே சத்துவாச்சாரியில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண்ணாக இருந்தாலே இலவச வக்கீலுக்குத் தகுதி உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வக்கீல் மூலம் நேரே தாக்கல் செய்யும் மனுவுக்கு அந்த அறிக்கை கட்டாயமில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெங்களூரிலோ கிருஷ்ணகிரியிலோ வாழ்க்கைப்பட்டு, இப்போது கே.வி.குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறீர்களா? அங்கே போய் வழக்கு நடத்த வேண்டியதில்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவர் நீதிமன்றமே விசாரிக்கலாம்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கணவர் கொடுமைப்படுத்துவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை தண்டனை உண்டு, ஆனால் புகார் கொடுத்த உடனே கைது என்பது கிடையாது. அதை எதிர்பார்த்துப் போய் ஏமாந்து பலர் வழக்கையே கைவிடுகிறார்கள். நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி எழுதி வாங்குவதும் உண்டு. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் நடுவரிடம் மனு போடலாம், அந்த வழி அடைபடவில்லை.

நடுவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம்? அடிக்கவோ வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு செய்யவோ கூடாது என்று பாதுகாப்பு ஆணை. வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, விற்கக் கூடாது, தேவைப்பட்டால் கணவரே வெளியே போக வேண்டும் என்று வசிப்பிட ஆணை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. மாதச் செலவு, மருத்துவச் செலவு, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, சீர்ப் பொருள் திரும்ப ஒப்படைப்பு, இழப்பீடு எல்லாமே ஒரே மனுவில் அடங்கும். கேட்காததைத் தாமாகத் தருவார்கள் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சட்டம் முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்கச் சொல்கிறது, 60 நாளில் முடிக்க முயலச் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் முதன்மை மனுவோடு வழக்கு முடியும்வரைக்கான ஆணை கேட்டு 23-ஆம் பிரிவில் இடைக்கால மனுவும் 3-ஆம் படிவத்தில் பிரமாண வாக்குமூலமும் (அஃபிடவிட்) சேர்த்தே தாக்கல் செய்யுமாறு வக்கீலிடம் சொல்லுங்கள். ஆபத்து இருந்தால் எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே நடுவர் ஆணையிடலாம். ஜீவனாம்சத்துக்கு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணமாகத் தர வேண்டும். அவர் எங்கே வேலை செய்கிறார், கையில் எவ்வளவு வாங்குகிறார் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

வழக்கு நின்றுபோகும் இன்னோர் இடம் நோட்டீஸ். வீட்டு விலாசம் மட்டும் கொடுத்தால் "ஆள் இல்லை" என்று திரும்பி வரும். வேலை செய்யும் கம்பெனி, டிப்போ, கடை விலாசத்தையும் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். மாதப் பணத்தை அவர் சம்பளத்திலிருந்து கம்பெனியே நேராகப் பிடித்துத் தரும்படி உத்தரவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. கம்மவான்பேட்டை மாதிரி ராணுவக் குடும்பங்கள் நிறைந்த ஊர்ப் பெண்கள் கவனிக்க: மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவச் சட்டத்திலும் இடமுண்டு. கமாண்டிங் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம்.

ஆணை வந்ததும் அதன் நகல் இலவசம். ஒன்றை உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனில் வர முடியாத குற்றம். பணம் தராமல் இழுத்தடித்தால், பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும், தாண்டினால் அந்த மாதங்களின் பணத்தை வசூலிப்பது சிக்கலாகிவிடும். ஆணை பிடிக்கவில்லையென்றால் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

இன்று இரவே ஆபத்து என்றால் 112. மகளிர் உதவி எண் 181, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். தங்க இடம் வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அவர்களே வழி சொல்வார்கள், அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். சட்ட ஆலோசனைக்கு 15100. உங்கள் போனைக் கணவர் பார்ப்பார் என்றால் பக்கத்து வீட்டிலிருந்தோ வேலை செய்யும் இடத்திலிருந்தோ பேசுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இப்போதே கொடுத்து வையுங்கள்.

வணக்கம்.