உங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு எப்படி நடக்கிறது? நேரில் பார்ப்பது இப்படி

[காட்சி: பள்ளிச் சமையற்கூடம். சாம்பார் அண்டா. சமையலரின் கை மட்டும் தெரிகிறது.]

மதியம் பன்னிரண்டே கால். சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. இந்தக் கரண்டியைக் கவனியுங்கள். அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினால் எல்லாத் தட்டிலும் பருப்பு விழும். மேலாக மொண்டு ஊற்றினால், வரிசையில் முதலில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் கிடைக்கும். எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது.

[காட்சி: பழைய பள்ளிப் படங்கள்.]

1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, பிறகு காமராசரின் மதிய உணவு, 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இந்த வரலாறு நமக்கு மனப்பாடம். இன்று நம் தெருப் பள்ளியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டால்தான் விழிக்கிறோம்.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு.]

ஒரு கணக்கு போடுவோம். மத்திய அரசின் அளவுப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். வந்திருப்பவர்கள் 80 பேர் என்றால் 8 கிலோ அரிசி, 1.6 கிலோ பருப்பு, 4 கிலோ காய். பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணுங்கள். 62 பேர்தான். பதிவேட்டில் 80 என்றே எழுதியிருந்தால், ஒரு நாளைக்கு 1 கிலோ 800 கிராம் அரிசி கணக்கில் இடிக்கிறது. 20 பள்ளி நாளில் 36 கிலோ.

அந்த அரிசி எங்கே என்று கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த 18 பேர் ஏன் சாப்பிடவில்லை என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தபோது, ஒரு பள்ளியில் புதன்கிழமை மட்டும் பந்தி பாதியாகக் குறையும். சமையலில் குறை என்றே பல வாரம் நினைத்தோம். கடைசியில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "அன்னைக்குக் குழாயில தண்ணி வராது சார். தட்டு கழுவ வீட்டுக்குப் போவோம். அம்மா அங்கயே சோறு போட்டுடும்."

பிள்ளைகளிடம் கேட்காமல் செய்யும் ஆய்வு அரைகுறைதான்.

[காட்சி: சமையற்கூடத்தின் கூரை, எண்ணெய் டின்கள்.]

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2013-இல் அதே ஜூலை 16, பீகாரின் சாரண் மாவட்டம். பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அதனால் அடுப்புக்கு மேல் என்ன கூரை, வகுப்பறை எவ்வளவு தள்ளி, எண்ணெய் எந்த டப்பாவில் என்பதை நின்று பாருங்கள்.

பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது உட்பட, பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் ருசி பார்க்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். ருசி பார்த்த பதிவேட்டைப் புரட்டுங்கள். ஒரு மாதக் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால், ஒரே உட்காரலில் போட்டதோ என்று கேளுங்கள்.

குறை கண்டதும் சமையல் அக்காவிடம் பாயாதீர்கள். சத்துணவு மையத்தை நடத்தும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவரும் இருக்கிறார்களா? பல ஊர்களில் ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களுக்கு ஓடுகிறார். அரிசியோ எரிபொருளோ ஆளோ இல்லாமல் ஒரு நாள் உணவு நின்றால், பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புப் படியாகத் தானியமும் பணமும் தரவேண்டும். இதைச் சொல்பவை மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள். பெற்றோர் கூட்டத்தில் இதை உரக்கச் சொல்லுங்கள்.

[காட்சி: தட்டு கழுவும் இடம். எச்சில் வாளி.]

கிளம்பும் முன் இந்த வாளியைப் பாருங்கள். சோறு குறைவாகவும் காய்த் துண்டுகள் நிறையவும் கிடந்தால், நாளைக்கு அதே காயைப் பொடியாக நறுக்கிப் போடச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு மணிக்கு வந்து அதே வாளியைப் பாருங்கள்.