ஜக்கி கூகனின் உழைப்பு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கோயில் வீதியில் விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னமும் பலர் இருக்கிறார்கள். அந்த நாடகத்தில் பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனாக வரும் சிறுவனை எத்தனை பேர் கவனித்திருப்போம்? சந்திரமதி புலம்பி ஓயும்வரை, நுளம்பு கடித்தாலும் இமை அசைக்காமல் அவன் கிடக்க வேண்டும். கலைக்குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அது வேலையாகவே தோன்றுவதில்லை. அப்பாவும் அம்மாவும் செய்வதைத் தானும் செய்கிறேன் என்றுதான் அது நினைக்கிறது. அப்படியொரு வீட்டில் பிறந்து, உலகமே அறிந்த முதற் குழந்தை நட்சத்திரங்களுள் ஒருவரான ஜக்கி கூகனைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

ஜக்கி 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். தந்தை ஆடல் பாடல் மேடைகளில் நடித்தவர். தாய் லில்லியனும் மேடை கண்டவர். 1919இல் தந்தையோடு மேடையேறிய இந்தச் சிறுவனைச் சார்ளி சாப்ளின் பார்த்தார். 1921இல் வெளிவந்த சாப்ளினின் ‘தி கிட்’ என்ற பேசாப் படம் ஜக்கியின் முகத்தை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அநாதை இல்லத்துக்காரர் சிறுவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போக, அவன் இரு கைகளையும் நீட்டி, தன்னை எடுத்து வளர்த்தவராக வரும் சாப்ளினைக் கூவி அழும் காட்சி அந்தப் படத்தின் உயிர். சிறுவனுக்கு அழுகை வரவில்லையாம். தந்தை அவனைத் தனியே அழைத்துப்போய், அழாவிட்டால் உண்மையாகவே அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று வெருட்டியிருக்கிறார். அழுகை வந்தது, படமும் பிடித்தாயிற்று. பிறகு மனம் பொறுக்காத சாப்ளின் அவனைத் தூக்கித் தேற்றியபோது, அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று தனக்குத் தெரியும் என அவன் காதோடு சொன்னானாம். சாப்ளின் தம் சுயசரிதையில் இதனை எழுதியிருக்கிறார். தகப்பனின் வெருட்டலைக்கூட அன்பாகவே எடுத்துக்கொண்ட அந்த நம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதன்பின் படங்கள் தொடர்ந்தன. 1924இல் ஆர்மீனிய, கிரேக்க அகதிகளுக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்து, உணவும் உடையுமாகப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட உதவியை அவர் திரட்டினார். சிறுவயதில் அவர் ஈட்டிய பணம் முப்பது முதல் நாற்பது இலட்சம் டொலர் வரை இருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. அவர் கைக்கு வந்ததோ வாரத்துக்கு 6.25 டொலர் கைச்செலவுப் பணந்தான்.

1935 மே மாதம் நடந்த வாகன விபத்தில் தந்தை இறந்தார். அதே வாகனத்தில் சென்ற ஜக்கி மட்டுமே உயிர் தப்பினார். சில மாதங்களில் அவருக்கு 21 வயது நிறைந்தது. ஆனால் தமக்கென்று சேர்த்து வைத்திருப்பதாக அவர் நம்பியிருந்த பணம் வரவில்லை. தாய், குடும்பத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆதர் பேர்ன்ஸ்ரீனை மறுமணம் செய்திருந்தார். 1938இல் அவ்விருவருக்கும் எதிராக ஜக்கி வழக்குத் தொடர்ந்தார். வயதுவராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே உரியது என்பதே அன்றைய கலிபோர்னியச் சட்டம். அதையே அவர்கள் பற்றி நின்றார்கள். எல்லாம் முடிந்தபோது அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 126,000 டொலர்.

பெற்ற தாயை நீதிமன்றத்துக்கு இழுத்தவன் என்று அவரைப் பழித்தவர்கள் இருக்கலாம். நான் பழிக்கமாட்டேன். 1939இல் கலிபோர்னியா இயற்றிய, இன்றுவரை கூகன் சட்டம் என்றே அழைக்கப்படும் சட்டத்துக்கு அந்த வழக்கே வழி திறந்தது. முதலில் அதில் ஓட்டைகள் பல இருந்தன; நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தங்களுக்கே அது செல்லுபடியானது. பிள்ளையின் உழைப்பு பிள்ளையின் சொத்தே என்றும், அதில் 15 சதவீதத்தைப் பிள்ளைக்காகக் காத்துவைக்கும் பொறுப்புக் கணக்கில் இடவேண்டும் என்றும் தெளிவாக வரையறுத்த திருத்தம் 2000ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண ஜக்கி இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் கிளைடர் விமானம் ஓட்டி, 1964 முதல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத்தலை மாமனாக நடித்து மறுபடியும் பெயர் பெற்று, 1984இல் அவர் காலமானார்.

இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் மேடையோடு நிற்பதில்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியிலும், குறும்படத்திலும், பெற்றோர் நடத்தும் யூடியூப் அலைவரிசையிலும் வருகிறார்கள். அந்தப் பெற்றோரிடம் நான் குறை காண வரவில்லை. பிள்ளையை ஏற்றி இறக்கி, உடுப்புத் தைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் கூகன் வீட்டிலும் பாசம் இருந்தது, கணக்குப் புத்தகந்தான் பிள்ளையின் பெயரில் இருக்கவில்லை. ஆகவே விழாக் குழுவினரிடமும் படம் எடுக்கும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்கென்று கொடுக்கும் சன்மானத்தின் ஒரு பங்கையாவது அந்தப் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் நேரே வைப்பிலிட்டு, பற்றுச்சீட்டைப் பெற்றோர் கையில் கொடுங்கள். வருகிற திருவிழாக் காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.