முதல் வார மதிப்பெண்

(பாம்பனில் இசை ரசிகர்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியவர்களுக்கும், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்தக் கரையில் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர் இலங்கை வானொலியைத் தொடாமல் போக முடியாது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்ட கைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பியிருக்கும். பாட்டு மட்டும் வருடக்கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும். வெளியான வாரத்தோடு ஒரு பாட்டின் கதை முடிவதில்லை என்பது இந்த ஊர்க் காதுகளுக்குப் புதிதல்ல. அதுவே அமெரிக்காவில், பெரிய நிறுவனங்களைச் சாராத ‘இண்டி ராக்’ வகையைச் சேர்ந்த ஓர் ஆல்பத்துக்கு எப்படி நடந்தது என்று இன்று பார்ப்போம்.

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற குழுவின் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’. 1997இல் டென்வர் நகரத்தில் பதிவாகி, 1998 பிப்ரவரியில் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியே வந்தது. 11 தடங்கள், ஏறத்தாழ 40 நிமிடம். எழுதிப் பாடியவர் ஜெஃப் மாங்கம், தயாரிப்பாளர் ராபர்ட் ஷ்னைடர். முதலில் அடித்தது சுமார் 5,500 சிடி, 1,600 இசைத்தட்டு. அவ்வளவு போதும் என்றுதான் நினைத்தார்கள்.

அந்த வருடம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கொடுத்தது 5க்கு 3 நட்சத்திரம். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் 10க்கு 8.7 கொடுத்தது. நல்ல மதிப்பெண்தான், ஆனால் கொண்டாட்டம் இல்லை. 2005இல் ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது அதே பிட்ச்ஃபோர்க் 10க்கு 10 போட்டது. இடையில் மேக்னட் பத்திரிகை 1993 முதல் 2003 வரை வந்தவற்றில் இதுவே சிறந்தது என்றது. 2008இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் முதல் பத்துக்குள் இது இருந்தது. ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. கேட்ட காதுதான் மாறியது. ஏன்?

முதலில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். ரோலிங் ஸ்டோன் அளவுகோலில் 3 நட்சத்திரம் என்றால் ‘நன்று’. அதை 100க்கு மாற்றினால் 60. நம் ஊர்ப் பரீட்சையில் 60 முதல் வகுப்பு. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் இணையதளம் மெட்டாக்ரிட்டிக். 2001இல் தொடங்கிய அதன் கணக்கிலோ 61க்குக் கீழே வந்தாலே ‘கலவையான வரவேற்பு’. விமர்சகர் சொன்னது ஒன்று, எண்ணாக மாறி வந்தது வேறு. சராசரியிலும் ஒரு குழி உண்டு. நான்கு பேர் 7, 7, 7, 7 போட்டாலும் சராசரி 7. 10, 10, 4, 4 போட்டாலும் 7. நான்கு 7 வாங்கிய ஆல்பத்தை யாரும் வெறுக்கவில்லை, யாரும் தேடியும் போகப்போவதில்லை. இரண்டாவதற்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் கிடைப்பார்கள். ஆகவே சராசரியைப் பார்த்தால் உடனே அதற்குக் கீழே உள்ள தனித்தனி எண்களையும் பாருங்கள்.

இனி ஒலிக்கு வருவோம். இந்த ஆல்பத்தில் கிடார் பல இடங்களில் கரகரக்கிறது. மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பை அதன் கொள்ளளவுக்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் மூலத்தில் இல்லாத புதிய மேல்ஸ்வரங்கள் முளைக்கும். வேண்டுமென்றே செய்த வேலை இது. போன் ஸ்பீக்கரில் சத்தத்தை முழுக்க ஏற்றிக் கேட்டால் ஸ்பீக்கரும் தன் பங்குக்கு வெட்டும். அடிப்பகுதி ஸ்வரங்களும் பெரும்பாலும் காணாமல் போகும். அப்படிக் கேட்டுவிட்டு ‘பதிவு மோசம்’ என்று எழுதுவது ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

தலைப்புப் பாட்டில் பின்னால் பேய்க்குரல் போல இழைவது ஒரு ரம்பம். ஆம், வல்லம் கட்டும் ஓடாவி பிடிக்கும் அதே சாமான். கைப்பிடியைத் தொடைகளுக்கு இடையே இறுக்கிக்கொண்டு, நுனியை இடக்கையால் வளைத்து, தகட்டை ‘எஸ்’ போல் இரட்டை வளைவாக்க வேண்டும். பல் இல்லாத ஓரத்தில் வில்லை இழுக்க வேண்டும். ஒரு வளைவு முடிந்து மறுவளைவு தொடங்கும் இடத்தில்தான் ஒலி நிற்கும். அந்த இடம் தவறினால் வெறும் உரசல் சத்தம்தான் வரும். வளைவு கூடினால் சுருதி ஏறும். சுருதியிலிருந்து சுருதிக்கு வழுக்கித்தான் போக முடியும், தாவ முடியாது. நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு இது உடனே ஒட்டும். சரியான சுருதியை மட்டும் தேடும் காதுக்கு முதல் இரண்டு கேட்பில் பிசகாகவே படும்.

கெடுவுக்குள் எழுதும் விமர்சகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதல் சில கேட்புகள்தான். நேயருக்குக் கெடு கிடையாது. 1998 சுற்றுப்பயணத்தோடு குழு ஓய்ந்தது, மாங்கம் பொதுவெளியிலிருந்து ஒதுங்கினார். விளம்பரம் நின்றது, ஆல்பம் கைக்குக் கை மாறுவது நிற்கவில்லை. 1999இல், இணையத்தில் பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர உதவிய நாப்ஸ்டர் வந்தது. சிடியில் நகல் எடுத்து நண்பனுக்குக் கொடுப்பதும் பெருகியது. அஞ்சலட்டை செய்த வேலையை அங்கே அந்த நகல்கள் செய்தன. 2013இல் குழு மறுபடி மேடையேறியபோது இந்த ஆல்பம் வந்த காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்களும் கூட்டத்தில் நின்றார்கள்.

இன்று எண்களைப் பார்த்து ஏமாறுவது இன்னும் சுலபம். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி தாண்டினால் ஒரு கேட்பு எண்ணப்படும். 31ஆவது வினாடியில் சலித்துப்போய் நிறுத்தியவரும் அதில் சேர்த்தி. சொந்தமாகப் பாட்டு வெளியிடும் தம்பிகள் மொத்தக் கேட்பை நேயர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 3,000 கேட்பு, 1,000 நேயர் என்றால் தலைக்கு 3. அதே 3,000 கேட்பு 300 நேயரிடமிருந்து வந்தால் தலைக்கு 10. எனக்கு இரண்டாவதுதான் நம்பிக்கை தரும்.

தமிழில் விமர்சனம் எழுதுகிறவர்கள் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒலியை விட்டுவிடுகிறார்கள். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் கேட்பில் பேனாவைத் தொடாதீர்கள். இரண்டாவதில் நிமிடம், வினாடி போட்டு, காதில் விழுந்த கருவியை மட்டும் குறியுங்கள். வரியைப் படிப்பது மூன்றாவதில். ஒரு வாரம் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் நான்காவது முறை கேட்டு, எது மனதில் தங்கியது என்று எழுதுங்கள். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே நல்லது போலத் தோன்றும், காதின் இயல்பு அது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டால் மெல்லிய பகுதிகளைக் காற்றே விழுங்கிவிடும்.

இப்போது ‘ஓ கம்லி’ என்ற பாட்டை ஓடவிடப் போகிறோம். எட்டு நிமிடத்துக்கு மேல். மாங்கம் கிடாரோடு ஒரே மூச்சில் பாடி முடித்தது. முடிந்ததும் ஸ்டுடியோவில் இருந்த ஒருவர் அசந்துபோய்க் கத்துவது பதிவிலேயே இருக்கிறது, கடைசி வினாடிகளில் கவனியுங்கள். கடல் பக்கத்து ஜன்னல்களை யாராவது சாத்திவிடுங்கள், ஃபேனையும் நிறுத்திவிடலாம்.