ஹீட் டேப் எவ்வளவு சுடலாம்?

[திரையில்: மீன் வரும் வெள்ளை பொலிஸ்டிரின் பெட்டி, அடியில் ஹீட் டேப்]

வணக்கம். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் முட்டையைப் பெட்டியில் வைத்துப் பொரிக்க 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு. அந்தச் சூட்டைத் தருவது ஹீட் டேப், மின்சாரத்தில் சூடாகும் தட்டையான பட்டை. ஆனால் டேப்பின் மேற்பரப்பு அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். 40 காட்டினால் பதற வேண்டாம், முட்டை டப்பா அதைத் தொடாதவரை.

கோலாலம்பூரில் நமக்குப் பெரிய சூடு தேவையில்லை. செந்தூல் ஃபிளாட்டில் ஏர்கோன் இல்லாத அறை இரவிலேயே 27, 28 இருக்கும். வம்பு மதியத்தில். அறை 33-ஐத் தொட்டால், டேப்பை அணைத்தாலும் பெட்டி குளிராது. அதனால் ஏர்கோன் 26-ல் ஓடும் அறையே மேல். மின் கட்டணம் தனிக்கதை.

சரி, சூட்டைப் பார்த்து டேப்பை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே? இருக்கிறது. அதன் சென்சார் வயர் கழன்று பெட்டிக்கு வெளியே விழுந்தால், அது அறையின் 26-ஐ அளந்துகொண்டு, சூடு போதவில்லை என்று டேப்பை முழு வேகத்தில் ஓடவிடும். அப்போது டேப் எதுவரை போகும் என்பதுதான் கேள்வி. 80 டிகிரியை நெருங்கினால் பொலிஸ்டிரின் இளகும். முட்டை அதற்கு வெகுமுன்பே போய்விடும்.

[திரையில்: டேப்பில் அச்சிட்ட வோல்ட் எண், நெருக்கத்தில்]

இந்த எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவுக்குச் செய்த 120 வோல்ட் டேப்பை நம் வீட்டு 240 வோல்ட்டில் சொருகினால், இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு சக்தி. அடிக்கு 10 வாட் என்றிருந்தது 40 ஆகிவிடும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று இதை மட்டும் வாங்காதீர்கள்.

டேப் சரியானது என்றால், இடையில் ஒரு டிம்மர் போடுங்கள், மின்சக்தியைக் குறைக்கும் குமிழ் அது. முட்டை வைக்கும் முன்பே, தெர்மோஸ்டாட் இல்லாமல், மூடிய பெட்டியில் அரைநாள் ஓடவிடுங்கள். உள்காற்று 33-ஐயும் டேப் 45-ஐயும் தாண்டாத இடத்தில் டிம்மரை நிறுத்தி, குமிழை ஒட்டிவிடுங்கள். தெர்மோஸ்டாட் அப்புறம்தான்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. டேப்பின் மேல் பளபளக்கும் அலுமினிய ஃபாயில் இருந்தால், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை அதன்மேல் காட்டினால் குறைத்துச் சொல்லும். ஃபாயில் மேல் ஒரு துண்டு கறுப்பு வயரிங் டேப் ஒட்டி, அதன்மேல் அளவெடுங்கள்.