அந்த 24 மணி நேரம் யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் இருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சின்னத்திரை காட்டும் நர்ஸ், அந்த வேலைக்கு மரியாதை சேர்க்கிறாரா, கெடுக்கிறாரா?" இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. கெடுக்கிறார் என்று வாதாட வந்திருக்கிறேன். நானும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "சீரியல் பொழுதுபோக்குக்காக எடுப்பது, அதைப் பார்த்து யாரும் ஆஸ்பத்திரியை எடைபோடுவதில்லை" என்றார். நடுவர் அவர்களே, நம் சீரியல்களில் வருகிற ஆஸ்பத்திரிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனுக்கு விபத்து. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறது. குடும்பமே வெளியே அழுதுகொண்டு நிற்கிறது. டாக்டர் வெளியே வந்து, முகக்கவசத்தை இறக்கி, "எதுவா இருந்தாலும் 24 மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்கிறார். பின்னால் ட்ரேயோடு நர்ஸ் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்கு வசனம் கிடையாது. அடுத்த காட்சி கோயில். கதாநாயகி அங்கப்பிரதட்சணம் செய்கிறாள். அதற்கடுத்து அதே நர்ஸ் ஓடி வருகிறாள்: "டாக்டர், பேஷன்ட் கண் முழிச்சிட்டார்!"

அந்த 24 மணி நேரம் எங்கே போனது? அவ்வளவு நேரமும் அந்த நோயாளியின் பக்கத்தில் இருந்தது யார்? என் வாதம் முழுக்க இந்தக் கேள்விதான்.

தலையில் அடிபட்டு ஆபரேஷன் முடிந்து வந்தவர் என்று வையுங்கள். டார்ச் அடித்து, இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் சுருங்குகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் விரிந்து நின்றால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகப்பட்டு, நள்ளிரவானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிறுநீர் மணிக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்புறம், மூச்சை எண்ண வேண்டும். நோயாளியின் நெஞ்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை சாதாரணம். அது 26, 28 என்று ஏறினால், ரத்த அழுத்தம் இன்னும் சரியாகவே இருந்தாலும் நாங்கள் உஷாராகிவிடுவோம். தொற்று ரத்தத்தில் பரவும்போது பல நேரம் முதலில் மாறுவது இந்த மூச்சுக் கணக்குதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் பல இரவுகளில் மானிட்டர் அலறாது, யாரும் ஓட வேண்டியிருக்காது, கேமராவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. சீரியல் எடுப்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடி வந்து சேதி சொல்வது மட்டும்தான் நர்ஸ் வேலை என்று தினமும் காட்டினால், பார்க்கிறவர் மனதில் அதுதானே பதியும்?

பதிகிறது என்பதற்கு வார்டே சாட்சி. மானிட்டரில் கோடு நேராகிவிட்டால் திரையில் உடனே ஷாக் கொடுப்பார்கள், உடம்பு தூக்கிப் போடும், இதயம் திரும்பத் துடிக்கும். உண்மையில் கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை. துடிப்பு தாறுமாறாக இருக்கும் சில நிலைகளுக்குத்தான் அந்தக் கருவி. நாங்கள் செய்வது நெஞ்சை அழுத்துவது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு, கை ஓய்ந்தால் ஆள் மாற்றி அழுத்துவோம். நரம்பு ஊசியாக அட்ரினலின் மருந்து போகும். இத்தனையும் செய்து ஆள் பிழைக்காமல் போனால், "ஏன் ஷாக் வைக்கல? மெஷின் இல்லையா? டாக்டர் வர்ற வரைக்கும் நீ ஏன் கை வெச்ச?" என்று அட்டெண்டர், அதாவது நோயாளியோடு வந்திருக்கும் உறவினர், சண்டைக்கு வருகிறார். அவர் துக்கம் எனக்குத் தெரியும். அந்தக் கேள்விகளை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இதற்குப் பிறகும் அது வெறும் பொழுதுபோக்கு என்றால் நான் ஏற்க மாட்டேன்.

பிரசவக் காட்சிக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். சீரியலில் கதவைத் திறந்து, "ஆண் குழந்தை பிறந்திருக்கு" என்று சொல்வதோடு நர்சின் பங்கு முடிந்துவிடும். நம் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடுராத்திரி நடக்கும் சுகப்பிரசவங்களைப் பார்ப்பது யார்? பெரும்பாலும் அங்கே டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான். வலி எப்படி முன்னேறுகிறது, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறதா, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, பிரசவத்தின் முன்னேற்றத்தைக் கோடாக வரையும் பார்ட்டோகிராஃப் தாளில் குறிப்பவர் அவர். அந்தக் கோடு தாளில் உள்ள எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவெடுக்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் அம்மாவுக்கு, கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போட வேண்டும். நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். கர்ப்பப்பை இறுகிவிட்டதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்தபடியே, பிறந்த குழந்தை அழவில்லையென்றால் அதற்கு மூச்சும் கொடுக்க வேண்டும். பக்கத்தில் உதவிக்கு ஒரு பணியாளர் இருந்தாலே பெரிய விஷயம். இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் அவர் கதவைத் திறக்கிறார். கேமரா கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவதாக எதிரணி சொன்னது: "திரையில் நர்சை வெள்ளுடை தேவதையாகக் காட்டுகிறார்கள், இதைவிட என்ன மரியாதை வேண்டும்?" நகைச்சுவைக் காட்சிகளில் எங்களை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை இந்த மேடையில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, எல்லோரும் பார்த்ததுதான். ஆண் நர்ஸ் என்றால் சிரிக்க வைக்க மட்டும் வருவார். அதை விடுங்கள், தேவதையையே எடுத்துக்கொள்வோம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும் வரை, ஏறக்குறைய 42 வருடம், அந்த மருத்துவமனைச் செவிலியர்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். தாக்குதல் நடந்தபோது பிறந்தே இராதவர்கள்கூட அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பராமரிப்பைப் பாராட்டியது. எல்லோரும் இதை அன்பு என்கிறார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை வருடம் படுக்கையில் கிடந்தவரைப் படுக்கைப் புண் அண்டாமல் காப்பாற்ற அன்பு மட்டும் போதாது. எந்த இடத்தில் எலும்பு அழுத்தும், தோல் எப்போது சிவக்கத் தொடங்குகிறது, உணவில் புரதம் எவ்வளவு போக வேண்டும் என்று படித்திருக்க வேண்டும். நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங், அல்லது மூன்று வருடம் டிப்ளமோ படித்து வருகிற அறிவு அது. தேவதை என்று சொல்லும்போது அந்தப் படிப்பு மறைந்துவிடுகிறது.

சம்பளமும் மறைந்துவிடுகிறது. தேவதை பி.எஃப். கேட்க மாட்டாள், எட்டு மணி நேரம் முடிந்தது என்று சொல்ல மாட்டாள். 2015-ல் அரசுத் தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள் ஆயிரக்கணக்கான செவிலியர்கள். இரண்டு வருடம் கழித்து, 2017 நவம்பரில், பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். "சேவை செய்ய வந்தவர்கள் போராடலாமா?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. சேவை என்கிற அந்தப் பிம்பத்தை வருடக்கணக்காக வளர்த்ததில் திரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

மூன்றாவதாக எதிரணி காட்டியது, கொரோனா காலத்தில் எங்களுக்குக் கிடைத்த மரியாதையை. 2020 மார்ச் 22 மாலை நாடே கை தட்டியது, மே மாதம் ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள், எல்லாச் சேனலும் காட்டியது. உண்மை. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களை வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்ன செய்திகளும் அதே காலத்தில்தான் வந்தன. கை தட்டியவருக்கு எங்கள் வேலை என்னவென்று தெரிந்திருந்தால், கவச உடையை எவ்வளவு கவனமாகக் கழற்றிவிட்டு வீடு திரும்புகிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.

ஒரு கணக்கு சொல்லி விடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். இரவில் முப்பது, நாற்பது படுக்கைக்கு ஒருவர் நிற்கும் வார்டுகள் எத்தனையோ இருக்கின்றன. அத்தனை பேரின் மூச்சையும் அவர் ஒரு நிமிடம் முழுக்க எண்ண முடியுமா? இது உங்கள் வீட்டு நோயாளியின் உயிர்ப் பிரச்சினை. ஆனால் "இத்தனை பேருக்கு ஒரே நர்ஸா?" என்று கேட்கும் அட்டெண்டர் அபூர்வம். "டாக்டர் எப்ப வருவார்?" என்றுதான் கேட்கிறார்கள். நர்ஸ் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்கள் எந்தச் சீரியலிலும் பார்த்ததில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்று கேட்கிறேன். "டாக்டர், இந்த டோஸ் இவருக்கு அதிகம், ஒரு தடவை பாருங்க" என்று ஒரு நர்ஸ் சொல்லி, டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதுகிற காட்சி எந்தச் சீரியலில் வந்தது? வார்டில் இது நடக்கிறது, உயிர்கள் பிழைக்கின்றன. அப்படி ஒரு காட்சியைச் சொல்ல முடிந்தால் சொல்லட்டும். முடியாவிட்டால் தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.