வலியின் எண்களை யார் சரிபார்ப்பது?

அனைவருக்கும் வணக்கம். மயக்கவியல் மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள், செவிலியர்கள், மாணவர்கள் இருக்கிறீர்கள். மருத்துவம் சாராத பலரும் வந்திருக்கிறீர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் வலிக்குப் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று பேச அழைத்தார்கள். சொல்கிறேன். ஆனால், ஒரு மருந்து வலியைக் குறைக்கிறது என்பதை நாம் எதை வைத்து நம்புகிறோம்? அதை முதலில் பேசியாக வேண்டும்.

ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரைக்குப் பரிசோதனை உண்டு. வலிக்கு அப்படி எதுவும் இல்லை. "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலிக்கிறது?" என்று கேட்கிறோம். நோயாளி ஓர் எண் சொல்கிறார், ஒருவர் குறித்துக்கொள்கிறார். நம் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

எண் சொல்ல முடியாதவர்களை என்ன செய்தோம்? 1980கள் வரை, குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மென்மையான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்து அறுவை செய்யும் வழக்கம் இருந்தது. நரம்புகள் முதிராத வயது, வலி தெரியாது என்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடன் இருந்தவர்களும் சில குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உடல் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன்களை ரத்தத்தில் அளந்தார்கள். 1987இல் வெளிவந்த ஆய்வு அது, மிகச் சிறியது. ஃபென்டனில் கிடைத்த குழந்தைகளின் உடல் அறுவையைத் தாங்கிய விதமே வேறாக இருந்தது, பின்விளைவுகளும் குறைந்தன. நேர்மையாக எடுத்த சில அளவுகள் ஒரு துறையின் பழக்கத்தையே அசைத்தன. இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல எனக்கு மனம் வருகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்காட் ரூபன் என்றொரு மயக்க மருந்து நிபுணர். மார்ஃபினை மட்டும் நம்பாமல் பலவகை வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு அவர் பெரிய குரலாக இருந்தார். 2008இல் அவருடைய மருத்துவமனையில் நடந்த வழக்கமான தணிக்கையில், அவர் அனுப்பிய இரண்டு ஆய்வுச் சுருக்கங்களுக்கு, நோயாளிகளிடம் ஆய்வு நடத்த அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதியே இல்லை என்று தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், 1996 முதல் வந்த 21 கட்டுரைகளின் தரவுகள் புனையப்பட்டவை. சிலவற்றில் ஒரு நோயாளிகூடச் சேர்க்கப்படவில்லை. 2010இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; ஆறு மாதச் சிறைத் தண்டனை. அந்தக் கட்டுரைகளை நம்பி மருந்து எழுதிய மருத்துவர்கள் எத்தனை பேர், விழுங்கிய நோயாளிகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிவிட முடியாது.

ஜப்பானின் யோஷிதகா ஃபுஜி விஷயம் இன்னும் கசப்பானது. அறுவைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் அவருடைய களம். அவருடைய எண்கள் நம்பமுடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆய்விதழில் ஒரு கடிதம் அச்சானது. 172 கட்டுரைகளில் புனைவு இருப்பதை அந்நாட்டு மயக்கவியல் சங்கம் அறிவித்தது 2012இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! தவறு செய்தவர் ஒருவர்தான், ஆனால் சந்தேகத்தைக் கேட்டும் கேளாதிருந்தது நாம் எல்லோரும்.

இங்கிலாந்தின் ஜான் கார்லைல் என்ற மயக்கவியல் மருத்துவரை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஃபுஜியின் எண்கள் தற்செயலாக அமைந்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். பின்னர், ஓர் ஆய்விதழுக்கு வந்த 526 ஆய்வுகளை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார். சுருக்க அட்டவணைகளை மட்டும் பார்த்தபோது, 2 விழுக்காட்டில்தான் பொய்த் தரவு தென்பட்டது. நோயாளி வாரியான முழுத் தரவையும் வாங்கிப் பார்த்த 153 ஆய்வுகளில் அது 44 விழுக்காடு! சந்தேகம் எழுந்ததால் தரவு கேட்கப்பட்டவையும் அந்த 153இல் உண்டு, ஆகவே எல்லா ஆய்வுகளிலும் பாதி பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுரையை ஏற்பது போதாது என்பதை மட்டும் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பல மருந்துகளைச் சேர்க்கும் முறையே பொய் என்று பயப்பட வேண்டாம். ரூபனின் கட்டுரைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பாராசிட்டமாலும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் பயன் தருகின்றன. ஆனால் அதே முறையில் பழக்கமாகிப்போன காபாபென்டின், பிரிகாபாலின் என்ற வலிப்பு, நரம்பு வலி மருந்துகளின் நிலைமை வேறு. 281 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த பகுப்பாய்வு, நோயாளிக்குப் பொருட்படும் அளவுக்கு இவை வலியைக் குறைக்கவில்லை என்றது. தலைச்சுற்றலும் பார்வைக் குழப்பமும் கூடின. முதியவர்களுக்கும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்து எடுப்பவர்களுக்கும் மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே எச்சரித்திருந்தது. எல்லா நோயாளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு இவற்றை எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்க வந்த புதிய மருந்து. சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வலியைக் கடத்தும் நரம்புகளில் உள்ள ஒருவகைச் சோடியம் வாயிலை அடைக்கிறது, ஓபியாய்டு அல்ல. கால் பெருவிரல் எலும்பு அறுவை, வயிற்றுத் தோல் சீரமைப்பு ஆகிய இரண்டிலும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை வெல்லவில்லை. வலியை ஒப்பிட்டது 48 மணி நேரத்துக்கு. மகிழ்ச்சியான செய்திதான், நெஞ்சைத் திறந்த நோயாளிக்கும் மூட்டு மாற்றியவருக்கும் இதையே நீட்டிச் சொல்ல இந்த இரண்டு ஆய்வுகள் போதாது.

நெறிமுறைக் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அனுமதிக் கடிதத்தோடு உங்கள் வேலை முடிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, அனுமதித்த ஆய்வுகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போங்கள். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தைப் பாருங்கள், நோயாளியின் குறிப்பேட்டைப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு "ஏழு" என்று எழுதியிருந்தால், அந்த நேரத்தில் பணியில் இருந்த செவிலியரிடம் கேளுங்கள்.